மொண்டெல்லோ நொச்சி

இத்தாலிக்கு வந்த முதல் வருசமே யோகாம்பாளுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை கிடைத்தது. அது மே மாதம். கேற்றடியில் நின்ற பற்றையில் ஒரு இலையைப் பிடுங்கிக் கசக்கி மணந்தவள், இது எங்கடை நொச்சி என்று அடித்துச் சொல்லிவிட்டாள். நொச்சிக்கு இந்தக் கடற்கரையில் அதைப்போலவே மணக்கும் ஒரு ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள் என்று அவளுக்கு யார் சொல்வது?

அதை யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது. கோடையில் ஊதாப்பூவில் தேனீக்கள் இரைந்தன. பிறகு விதை கொத்தச் சின்னக் குருவிகள் வந்தன. அதன் பயன் ஒன்றும் சிஞ்ஞோராவுக்குத் தெரியாது. நுளம்புக்குப் புகை போடவும் ஆவி பிடிக்கவும் யோகாம்பாள்தான் சொல்லிக் கொடுத்தாள். காய்ந்த இலை அடைத்துத் தலையணையும் தைத்தாள். சிஞ்ஞோராவின் தலையிடி குறைந்தது. “செடி என்றால் எங்கள் யோகாவைக் கேளுங்கள்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். யோகாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் கேசிகாவின் இழுப்புக்கு ஆவி பிடிக்க, நாளும் ஒரு பிடி இலை வீட்டுக்குப் போனது.

குளிர் வந்தது. இலையெல்லாம் கொட்டி, தை மாதம் வெறும் தடிகள் நின்றன. யோகாம்பாளின் ஊரில் நொச்சி மொட்டையாக நின்றால் செத்துவிட்டது என்று அர்த்தம். தான் ஒடித்து ஒடித்தே கொன்றுவிட்டதாகப் பயந்தாள்.

சிஞ்ஞோராவின் மகன் கார் விட அந்தப் பற்றை நின்ற இடத்தைக் கேட்டான். சிஞ்ஞோரா மசியவில்லை. “உயிர் இருந்தால் ஒரு கொப்பும் வெட்ட விடமாட்டேன். யோகா, உயிர் இருக்கிறதா, நீயே சொல்லு.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் கெட்டிக்காரி என்ற பேர் விடவில்லை, பயமும் விடவில்லை.

“செத்துப்போச்சு, சிஞ்ஞோரா. வயசு போன மரம்.”

தவளை தன் வாயால்தான் கெடும்.

மகன் பற்றையை அடியோடு அரிந்தான். அரிந்த இடம் பச்சையாக, ஈரமாக இருந்தது. முற்றமெல்லாம் அந்த மணம். வேரையும் தோண்டி எடுத்துச் சீமெந்து போட்டார்கள். சிஞ்ஞோரா ஏசியிருந்தால்கூட யோகாம்பாள் தாங்கியிருப்பாள்.

“ஒவ்வொரு குளிருக்கும் இலை கொட்டும், யோகா. இந்தமுறையும் அப்படித்தான் என்று நினைத்தேன். நீ சொன்னபடியால் நம்பினேன்.”

அதற்குப் பிறகு அவள் யோகாம்பாளிடம் வேலையைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை.

“விடும், ஒரு பற்றைதானே” என்றார் புருசன் செல்வராசா.

“உங்களுக்கு அது பற்றை” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கோடையில் தேனீக்கள் வந்து காரைச் சுற்றிவிட்டுப் போயின. அந்தக் கிழமை கேசிகாவுக்கு இழுப்பு வந்தது. சுடுதண்ணிச் சட்டிக்கு முன்னால் போர்வைக்குள் இருந்துகொண்டு பிள்ளை கேட்டது:

“மம்மா, அந்த இலை எங்கை?”

“செத்துப்போச்சு” என்றாள் யோகாம்பாள். இந்தமுறை அது உண்மை.