பத்து நிமிடம் முன்னதாக

எங்கள் குடியிருப்பின் சலவை அறைக்கு ஆப் செய்து கொடுத்தது நான்தான். துணி துவைத்து முடிந்ததும் போனுக்குச் செய்தி வரும். யாரும் மெஷின் முன்னால் தவம் கிடக்க வேண்டாம். எல்லோரும் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு என் அக்காவின் பேச்சும் நின்று போனதை நான் கவனிக்கவில்லை. அத்தான் தவறிப்போன பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டில் வாயே திறக்காதவள், சலவை அறையில் மட்டும் நாலு பேரோடு பேசிவிட்டு வருவாள். ஆப் வந்ததும் போனாள், துணியை எடுத்தாள், வந்தாள், அவ்வளவுதான். இப்போது பெட்டியைக் கட்டிவிட்டாள். மாதக் கடைசியில் பழைய வீட்டுக்கே தனியாகப் போகிறாளாம்.

இதற்கு நடுவில் ஆப்பில் எதையோ மாற்றப் போய், செய்தி பத்து நிமிடம் முன்னதாகவே வர ஆரம்பித்தது. குடியிருப்புச் செயலாளர் போனில் என்னை வறுத்தெடுத்தார். ஜனங்கள் கூடையோடு வந்து சும்மா நிற்கிறார்களாம். தப்பு என்னுடையதுதான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

அறையில் ஆறு பேர். மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு போர்வையின் இரண்டு முனைகள் அக்கா கையில், மற்ற இரண்டும் மூன்றாம் மாடித் தபால்காரர் கையில். அவர் கோணல்மாணலாக மடித்தார். தபாலையும் இப்படித்தான் கசக்கிக் கொடுப்பீர்களா என்று கேட்டு அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேப்டாப்பைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இத சரி பண்ணிடாதடி."

காத்திருப்பை ஒழிக்கிறேன் என்று நான் எதை ஒழித்தேன் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

செயலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெஞ்சும் அகலமான மேஜையும் வாங்கிப் போட்டேன். ஆப்பில் இப்போது இரண்டு செய்திகள். அவசரக்காரர்களுக்கு, துவைத்து முடிந்ததும் ஒன்று. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் இன்னொன்று: 'இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சும்மா வாங்க, பேசிட்டிருக்கலாம்.'

வந்தார்கள். ஆனால் அக்காவின் பெட்டி கட்டியபடியேதான் கிடந்தது. நானும் கேட்கவில்லை, பயம்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் அவளே பெட்டியைத் திறந்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டாள்.

"எல்லாம் ஒரே அழுக்கா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.