இரண்டு ஜீப்பும் ஒரே விலை

ஜாக்கிக்குக் கல்குவாரி காண்ட்ராக்டர் தரவேண்டிய கூலிப் பாக்கி அறுபத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். பதினோரு மாதமாக இந்தா அந்தா என்று இழுத்தடித்த மனுஷன், ஒருநாள் காலையில் கூப்பிட்டு, தகரக் கொட்டகைக்குள் நின்ற இரண்டு பழைய ஜீப்பைக் காட்டினார். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல்.

"கையில ரொக்கம் கிடையாதுப்பா. ரெண்டும் ஒரே விலைதான். எது வேணுமோ எடுத்துக்க, பாக்கி தீர்ந்துச்சு. இன்னைக்கே சொல்லிடு, நாளைக்கு பழைய இரும்புக்காரன் வர்றான்."

லாரிக்கு டயர் மாற்ற ஜாக்கி கிடைக்காத ஒருநாள், முதுகைக் கொடுத்துத் தூக்கியதால் அவனுக்கு வந்த பேர்தான் ஜாக்கி. இப்போது அந்த முதுகு குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிறது. இனிமேல் கல்லைத் தொடாதே என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். லாரி ஏறாத மேட்டு வீடுகளுக்கு சிமெண்ட் மூட்டையும் சிலிண்டரும் கொண்டுபோய்ப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். தப்பானதை எடுத்துவிட்டால் பதினோரு மாத உழைப்பும் இரும்பு விலைக்குத்தான் போகும்.

கூடவே பெண்டாட்டியும், தண்ணி லாரி ஓட்டுகிற மச்சானும் வந்திருந்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? டீசல். லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் குடுக்கும். பெட்ரோல் ஆறு குடுத்தாலே பெரிசு. வர்ற வாடகையெல்லாம் டேங்க்குக்குத்தான் ஊத்தணும்" என்றான் மச்சான்.

"அவர் என்ன ஊர் ஊராவா போகப்போறாரு? வீட்டுக்கு வீடு நிறுத்தி, அணைச்சு, எடுக்கணும். பெட்ரோல்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள் அவள்.

"அக்கா, நீ எப்ப மெக்கானிக் ஆன?"

"உன் லாரிய மாசத்துக்கு நாலு நாள் தள்ளுறாங்களே, அதப் பாத்தே ஆயிட்டேன்."

இரண்டு பேர் சொல்வதும் ஜாக்கிக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தொல்லை. பெட்ரோல் வண்டிப் பக்கம் போனால் காண்ட்ராக்டர், "தங்கமான இன்ஜின்பா, சத்தமே வராது" என்றார். டீசல் பக்கம் திரும்பினால், "யானைப்பா, எந்த மேடும் ஏறும்" என்றார். தலை கிறுகிறுத்தது. டீசலின் பானெட்மேல் கையை ஊன்றிக்கொண்டான். சுட்டது.

பக்கத்து வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"காலையில இதை யாராவது எடுத்தாங்களா முதலாளி?"

"வெயில் சூடுப்பா."

கொட்டகைக்குள் ஏது வெயில்? ஆறின இன்ஜின் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். "கொஞ்சம் ஆறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்தான். முதல் மணியில் டீசல் என்று முடிவு செய்தான். இரண்டாவது மணியில் பெட்ரோல். மூன்றாவதில், இரும்பு விலை என்ன என்று மச்சானிடம் விசாரித்தான்.

பிறகு காண்ட்ராக்டரே டீசலில் ஏறினார். இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டு, இருபது எண்ணி, சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை கக்கி, இருமி, நின்றது. நாலாவது தடவை பேட்டரியும் மூச்சை விட்டது.

"ஒரு கை குடுப்பா" என்றார்.

பழக்கதோஷம். ஜாக்கி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். வண்டி அரை அடி நகர்ந்தது. இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. பம்பரைப் பிடித்தபடி வளைந்து நின்றான். மச்சான் வந்து தாங்கினான்.

"புது பேட்டரி போட்டா சரியாயிடும் மாமா" என்றான் மெதுவாக. பொய் இல்லை, சரியாகலாம். சரியாகாமலும் போகலாம். சரியாகாத காலை வேளைகளில் யார் தள்ளுவது?

பெண்டாட்டி பெட்ரோல் வண்டியில் ஏறி, காண்ட்ராக்டர் சொன்னபடி சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினாள். இரண்டாவது திருகில் பிடித்தது.

"இதையே எடுத்துக்கிறேன் முதலாளி" என்றான் ஜாக்கி.

"பெட்ரோல்னா மேல அஞ்சாயிரம் போட்டுக் குடுக்கணும்பா."

"காலையில ரெண்டும் ஒரே விலைன்னீங்க." வலியில் அவனுக்குக் குரல் உயரவில்லை. "நான் வளைஞ்சு நிக்கிறேன் முதலாளி. நிமிர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

காண்ட்ராக்டர் அவனைப் பார்த்தார். இன்னும் புகைந்துகொண்டிருந்த டீசலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை ஏற்றினால் கட்டுப்படியாகும்? ஜாக்கி பாதி வளைந்தபடியே கணக்குப் போட்டான். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று மச்சானைப் பார்த்தான். மச்சான் வானத்தைப் பார்த்தான்.

அறுபத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பதின்மேல் காண்ட்ராக்டர் குறுக்காக ஒரு கோடு போட்டு, நோட்டை மூடினார்.