சோதனை வரிசையில் ஒரு பேச்சு

ஆராவமுதன் சார் எழுதிக் கொடுத்த பேச்சில் 'தாய்மை' என்ற சொல் பதினோரு முறை வந்தது. என் பிள்ளையின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. அவர் எங்கள் மில் யூனியன் செயலாளர், பி.ஏ. படித்தவர், நல்ல மனுஷர். அதற்காக அவர் எழுதியதெல்லாம் பேச்சாகிவிடுமா?

விஷயம் இதுதான். 1956இல் நான் ஸ்ரீராமபுரத்திலிருந்து நடந்துபோய் ஒரு துணி மில்லில் வேலை பார்த்தேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை வைத்தாக வேண்டும் என்பது சட்டம். மேனேஜர் மூன்றே மாதத்தில் ஏழு பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். நாற்பத்தொன்பது பேர் ஆனோம். மறுநாளே, ஒன்றாம் தேதியிலிருந்து தொட்டில் அறை கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். என் பாஞ்சாலிக்கு எட்டு மாதம். அவள் அப்பன் கோலாருக்குப் போனவன், போனவன்தான். அறையை மூடினால் நான் வேலையை விட வேண்டும். விட்டுவிட்டு இரண்டு பேரும் எதைத் தின்பது?

ஆண்கள் நானூறு பேரும் எங்களோடு நின்றால் மேனேஜர் வழிக்கு வருவார். அவர்களை நிற்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சார் எழுதியதை மனப்பாடம் செய்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் மேல் ஏறி, அவர் சொன்னபடி வலது கையை வீசி, "அலைகடலெனத் திரண்டிருக்கும் தோழர்களே" என்று ஆரம்பித்தேன். திரண்டிருந்தது பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் கடலைப் பொட்டலம் வாங்க நின்றவர்கள். மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"குரல் ஏறி இறங்கணும்மா. ரெண்டாவது பாராவுல இன்னும் கொஞ்சம் உருக்கமா பேசணும்," என்றார் சார்.

"உருகறதுக்கு நான் இன்னா மெழுகுவத்தியா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

கோபம் தணிந்த பிறகு யோசித்தேன். மெஷின் ஓடும்போது நீளமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாலு வார்த்தையில் முடிப்போம். ஏழு வருஷமாக நான் பேசும் பேச்சு அது. அதை விட்டுவிட்டு அலைகடலைத் தேடிப் போனேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். இடமும் தப்பு. கேட்டைத் தாண்டியவனுக்குக் கால் தானாக வீட்டுக்கு ஓடும். உள்ளே அப்படியில்லை. நூல் திருடினோமா என்று வாட்ச்மேன் கிருஷ்ணப்பா ஒவ்வொரு ஆளாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். பெண்களுக்குத் தனி அறை, சீக்கிரம் முடிந்துவிடும். ஆண்களின் வரிசை நகர அரை மணி நேரம் ஆகும். அதிலிருந்து எவனும் ஓட முடியாது.

"உள்ளே பேசினா வேலை போயிடும்மா. ரூல்லயே இருக்கு," என்றார் சார்.

"ரூம மூடினாலும் வேலை போவத்தான போவுது? சும்மா போறதுக்குப் பேசிட்டே போறேன்."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் பாஞ்சாலியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆண்கள் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறினேன்.

"பேடம்மா, பேட. வேணாம், இங்க பேசக்கூடாது," என்று கன்னடம் கலந்து தடுத்தார் கிருஷ்ணப்பா.

"உன் வேலைய நீ பாருண்ணா. என் வேலைய நான் பாக்கறேன்."

மொத்த வரிசையையும் மறந்து, தறிக்கார பச்சைமுத்துவை மட்டும் பார்த்தேன்.

"பச்சைமுத்தண்ணே. இவ பாஞ்சாலி."

அவர் சிரித்தார். "தெரியுமே."

"ஒண்ணாந்தேதி இவள எங்க வுடட்டும்?"

சிரிப்பு நின்றது.

"நீ ஒரு எடம் சொல்லுண்ணே. அங்க வுட்டுட்டு வரேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பொம்பளைங்க வூட்ல இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

"யாரு, முனிகிருஷ்ணனா? நிறுத்தின ஏழு பேர்ல உன் பொண்டாட்டியும் ஒருத்தி. மூணு மாசமா வூட்லதான இருக்கா. பிரச்சினை தீந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். சார் எழுதிய பேச்சில் சும்மா இருப்பதற்கு ஓரிடம்கூட இல்லை. அங்கே நான் சும்மா நின்றேன்.

"நாங்க இன்னாமா செய்யணும்?" என்றார் பச்சைமுத்து.

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் பதில் என்னிடம் தயாராக இல்லை. அந்த நேரம் பார்த்து, வரிசையின் முதல் ஆள் சோதனைக்காக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"திருடன் இல்லன்னு காட்டத் தெனம் கைய தூக்கறீங்க. இன்னிக்கு எங்களுக்காகத் தூக்குங்க. மேனேஜர் வர்ற வரைக்கும் எறக்காதீங்க."

பச்சைமுத்து தூக்கினார். அடுத்து முனிகிருஷ்ணன். பிறகு வரிசை முழுக்க. யாரும் நகராததால் கேட் அடைபட்டது. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வெளியே நின்றார்கள், உள்ளே தறிகள் ஆளில்லாமல் கிடந்தன. இருபது நிமிஷத்தில் மேனேஜர் வந்தார், அதட்டினார், கெஞ்சினார். அறை மூடப்படாது என்று பலகையில் எழுதிய பிறகுதான் கைகள் இறங்கின. பச்சைமுத்துவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு காகிதம். நான் பொய் சொல்லி ஆட்களைத் தூண்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு, அதை வரிசைக்கு முன்னால் வாசித்தால் வேலை இருக்கும்.

"நான் பொய் சொல்லல. போட மாட்டேன்," என்றேன். பத்து நிமிஷத்தில் கணக்கு முடித்துவிட்டார்கள்.

பாஞ்சாலியை எடுக்கத் தொட்டில் அறைக்குப் போனேன். பதினாலு தொட்டில்கள். ஆயா சந்திரம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்துதானேடி. போட்டுத் தொலச்சிருக்கலாமே."

"போட்டா அடுத்த மாசமே இந்த ரூம மூட வருவாங்கக்கா. அப்ப கூப்ட்டா எவன் கைய தூக்குவான்?"

நான் காப்பாற்றிய அறையில் என் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை. தூங்குகிறவளை எழுப்பாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அடுத்த மில்லில் வேலை கேட்க வேண்டும். பிள்ளையோடுதான் போய்க் கேட்பேன்.