எட்டின் பாதி

நான்காவது பொத்தானைப் போட்டுவிட்டு அவள் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தபோது அத்தை கையைத் தடுத்தாள்.

“அதை விடும்மா. ஊர்ல இருக்கிறவன் கழுத்தையெல்லாம் இறுக்கிக் கட்டிட்டு, தன் கழுத்துல ஒரு நூல்கூடப் பட விடமாட்டான் எங்கண்ணன். இப்பக் கேக்க ஆளில்லைன்னு போட்டுவிடறியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று உடனே சந்தேகமும் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தையே சிரித்துக்கொண்டுதான் அழுதாள்.

அப்பா கார் பந்தயத் திடலில் பாதுகாப்புச் சாமான்களைச் சோதிப்பவர். ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கழுத்துக்காரர். கார் மோதி நிற்கும்போது உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டின் கனத்தோடு தலை மட்டும் முன்னால் பாயும். அதைத் தடுக்கத்தான் ஓட்டுகிறவர்கள் தோளில் ஒரு கெட்டியான வளைவை மாட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து இரண்டு பட்டைகள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் போய்க் கொக்கியில் மாட்டும். பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டிய பட்டையோடு அப்பா யாரையும் ஓட விட்டதில்லை. போன ஞாயிறு சொந்த மகனையே விடவில்லை.

“நீங்க எனக்கு அப்பாவா, ஆபீசரா?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டுப் போனான் தம்பி. அப்புறம் ஆறு நாள் அப்பாவின் ஃபோனை அவன் எடுக்கவே இல்லை. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“என்மேல கோவமாவே போயிட்டாருல்ல?” என்றான், யாரையும் பார்க்காமல்.

“போடா மடையா,” என்றாள் அத்தை.

நடந்ததைச் சொன்னால் இவனும் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா எப்போதோ போயாயிற்று. அப்பா இதோ. மிச்சம் இவன் ஒருவன்தான். ஆனால் சொல்லாவிட்டால், ‘கோவமாவே போயிட்டார்’ என்பதை இவன் ஆயுசுக்கும் சுமப்பான்.

“உள்ள வா,” என்று அழைத்துப்போய் அப்பாவின் பதிவேட்டைப் பிரித்தாள். திடலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது அவள் வேலை. அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. பட்டையில் தைத்திருக்கும் தேதித் துணியை அவள்தான் வாசித்துச் சொல்வாள்.

“உன் பட்டையை வாசிச்சது நான். தேதியில மாசம் எட்டு. அந்த எட்டு மேல தையல் ஏறியிருந்துச்சு. இடதுபக்கம் தெரியல. மூணுன்னு சொல்லிட்டேன். மூணாம் மாசம்தான் முடிஞ்சிருச்சேன்னு அப்பா உன்ன நிறுத்திட்டார்.”

அவள் போன வருடப் பக்கத்தைத் திருப்பினாள். அதே பட்டை. அவளுடைய அதே கையெழுத்தில், எட்டு.

“அவருக்குத் தெரியுமா?”

“அன்னைக்குச் சாயங்காலமே. ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தோம்.”

“பின்ன ஏன் யாரும் சொல்லல?”

“நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம்னுட்டார். ‘என்கிட்ட அவன் பேசாம இருக்கிறது எனக்குப் பழக்கம்தான். உன்கிட்டயும் பேசலைன்னா வீட்ல யார்கிட்டத்தான் பேசுவான்? ஞாயித்துக்கிழமை என் மேசைக்குத்தான வரணும், நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்’னார்.”

நாளைதான் ஞாயிறு.

“ஆறு நாளு, அக்கா,” என்றான். அவ்வளவுதான். அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பதிவேட்டை மூடி, விளிம்பைச் சரிசெய்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. நாலு பேராகத் தூக்கி ஏற்றினார்கள். அத்தை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நீள வாக்கில் ஒரு பெஞ்சு. தம்பி அதில் உட்காராமல் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டான். தெருமுனையில் வண்டி குலுங்கியதும் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. சட்டென்று இரண்டு கையையும் கழுத்துக்கு அடியில் கொடுத்து, கட்டைவிரல்களைக் காதோரம் வைத்து நிமிர்த்திப் பிடித்தான்.

“அக்கா.”

“என்னடா?”

“எனக்கு ரோடு தெரியல. நீ முன்னாடி பாரு. பள்ளம் வந்தா சொல்லு.”

அவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“வேகத்தடை,” என்றாள். அவன் விரல்கள் இறுகின. வண்டி ஏறி இறங்கியது. தலை அசையவில்லை.

“பள்ளம்.”

மறுபடி இறுகின. வண்டி குலுங்காமல் போனது.

“இல்லடா… மரத்து நிழல்.”

“பரவால்ல,” என்றான், பிடியைத் தளர்த்தாமல். “நீ சொல்லிட்டே வா.”