மறு இல்லாத கன்னம்

"ஏட்டி, எந்தக் கன்னத்துக்குப் போடட்டும்?"

அனுசியா அக்கா என்னிடம் முதன்முதலில் கேட்டது இதைத்தான். எங்கள் வீட்டு ஜன்னலோரம் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, கிரீம் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள். என் இடது கன்னத்தில் காதிலிருந்து உதடு வரை நாவல்பழக் கறை போல ஒரு மறு இருக்கிறது. பிறவியிலேயே வந்தது. பத்தாம் வகுப்பு வரை அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படியான இடத்தில் உட்கார்ந்தே படித்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் அந்த இடம் கிடைக்கவில்லை. பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்தேன்.

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது கன்னத்தில் கிரீமைத் தொட்டு வைத்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அது ஒன் அழகுல்லா."

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது மருந்து சொல்வார்கள். மஞ்சள், குப்பைமேனி, புளியங்குடி எலுமிச்சை. தொடாமல் விட்டவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன்.

குத்துக்கல்வலசையில் எங்களுக்கு அடுத்த தெரு அவளுக்கு. கணவர் போலீஸ், சென்னையில் இருக்கிறார். அவள் சேர்ந்திருந்த கம்பெனியின் பெயர் பொன்மேனி. அதன் கிரீமும் பவுடரும் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போய், யாராவது ஒருத்தியின் பாதி முகத்துக்குப் பூசிக் காட்டித்தான் விற்க வேண்டும். மறுபாதியைச் சும்மா விட வேண்டும், வித்தியாசம் தெரிவதற்காக. அந்த முகமாக நான் போனேன். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மறு இருக்கும் பக்கத்தை ஜன்னலுக்குக் கொடுத்து, பூசிய பக்கம் அக்காவைப் பார்க்க உட்கார்ந்து வருவேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

போகிற வீட்டிலெல்லாம் கம்பெனியின் கதையைச் சொல்வாள்.

"கம்பெனியை ஆரம்பிச்ச அம்மாவுக்குக் கோயம்புத்தூர்ல ஒத்த ரூம்பு. வீட்டுக்காரருக்கு மில்லு வேலை போயிட்டு. அந்தம்மா குக்கர்ல கத்தாழையைக் காய்ச்சி, நாலு டப்பாவோட தெருவுல எறங்கிட்டா. இன்னைக்கு எல்லா ஊர்லயும் நம்ம ஆளு இருக்கு."

ஆலங்குளத்தில் சொன்ன கற்றாழை புளியங்குடியில் எலுமிச்சையாகிவிடும். எனக்குச் சிரிப்பு வரும். அக்கா கண்ணாலேயே அடக்குவாள்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவளுக்கு முத்து என்று பட்டம். தனக்குக் கீழே ஆள் சேர்த்தால் பவளம். அவர்களும் ஆள் சேர்த்தால் இவள் மாணிக்கம். அக்கா பவளத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் கீழே இருந்தவர்கள் அவளுடைய சித்தியும் நாத்தனாரும் தங்கச்சியும்தான். அவர்கள் யாரிடம் போய் விற்பார்கள்? எல்லோருக்கும் அதே சொந்தக்காரர்கள். கடைசியில், கல்யாண வீட்டில் அக்காவின் தலையைக் கண்டாலே எல்லோரும் பந்திக்கு எழுந்துபோனார்கள்.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் கம்பெனிக் கூட்டம் நடந்தது. மதுரையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி மேடம் வந்திருந்தார். அவர் மாணிக்கத்துக்கும் மேலே, வைரம். அக்கா என்னை மேடையில் உட்கார வைத்து வலது கன்னத்துக்குப் பூசிக் காட்டினாள். கைதட்டல் ஓய்ந்ததும் மேடம் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் அனுசியாகிட்ட கத்துக்கோங்க. நீங்களா இருந்தா அந்த மார்க் மேலதான் கிரீமை வெச்சிருப்பீங்க. அது மறையவும் மறையாது, நம்ம மானமும் போயிடும். இவங்க நல்ல கன்னத்துக்குப் போட்டு, இதை அப்படியே விட்டாங்க. வித்தியாசம் எவ்வளவு தூக்கலா தெரியுது பாருங்க!"

என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். மறுபடியும் கைதட்டினார்கள். அக்காவும் சிரித்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பிறகு எல்லோரும் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். தண்ணீர் தலையில் இறங்கியதும் வலது கன்னத்துக் கிரீம் கழுவிப் போனது. அழுதாலும் தெரியாத இடம் அது. வெளியே வந்ததும் அக்கா தன் துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள், எப்போதும் போல. அந்தக் கை பொய்யா மெய்யா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டிலேயே ஆள் கூடியது. பீடி சுற்றும் பெண்கள் இலையும் தூளும் வைத்த சுளகோடு வந்திருந்தார்கள். இவர்களைத் தன் தங்கச்சிக்குக் கீழே சேர்த்துவிட்டால் அக்கா மாணிக்கம் ஆகிவிடுவாள்.

"மாணிக்கம் ஆனா என்னத்தத் தருவானாம்?" என்றாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் அத்தை.

"மேடையில பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க அத்தை."

"அதுக்கு ரேசன் கடையில நின்னாப் போதுமே. மாசாமாசம் கூப்பிடுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, விரலில் கிரீமை எடுத்து, என் வலப் பக்கம் கையைக் கொண்டுவந்தாள்.

"இந்தப் பக்கம் போடுங்கக்கா" என்றேன். இடது கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏ யப்பா, நம்ம குழல்வாய்மொழி வாயைத் தொறந்துட்டாளே!" என்றாள் அத்தை. "ஆமா அனுசியா, அங்கன போடு. அது மட்டும் மறைஞ்சுதுன்னா நான் இப்பமே சேருதேன்."

பெண்கள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். அக்காவின் விரல் அப்படியே நின்றது. கற்றாழையை எலுமிச்சையாக்குகிறவள் அவள். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். 'அது அவ அழகு' என்று இத்தனை பேர் முன்னால் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். நானே வலது கன்னத்தைக் காட்டியிருப்பேன், எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் போயிருப்பேன்.

அவள் என் மறுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது போலிருந்தது. விரலிலிருந்த கிரீமை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு மூடினாள். ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தாள்.

"என்னம்மா, காப்பி போட்டுட்டு இருக்கேன், அதுக்குள்ள கெளம்புத?" என்று அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவள் என் தோளில் தூங்கியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது தோன்றவில்லை. கன்னத்தைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.