அம்மாவின் தாடையில் இல்லாத மச்சம்

மயிலிட்டி
சனிக்கிழமை

அன்புள்ள தங்கச்சி துஷாந்தினிக்கு,

அம்மாவின் சிலையை யூனிவர்சிற்றிப் பிள்ளைகள் சுற்றிவரப் படம் எடுத்துக் கொம்பியூட்டரில் அச்சொட்டாகப் பதிந்துவிட்டார்கள். அத்தான் உன் போனுக்கு அனுப்புவார். பார்த்தவுடன் தாடையைத்தான் கேட்பாய். அதனால் முந்தியே எழுதுகிறேன்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினபோது அம்மாவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை, அடையாள அட்டைகூட. பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, வாசிகசாலைக்காரர் ஊரின் பழைய மருத்துவிச்சி என்று அம்மாவுக்குச் சிலை வைக்க வெளிக்கிட்டபோது, முகவெட்டு ஒன்றுதானே என்று உன் படத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சலவைக்கல்லில் வந்து இறங்கியது நீ. உன் மச்சம்கூடக் கடுகளவு புடைப்பாகத் தாடையில். அம்மாவுக்கு மச்சம் இல்லை. அகதி முகாமில் நாலு வருஷம் அந்த முகத்தைக் கழுவித் துடைத்தவள் நான்.

"துஷா லண்டனிலை இருந்து வந்து நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்று வாற போற சனம் சொல்லும். வெள்ளிக்கு வெள்ளி கழுவிப் பூ வைக்கிறவளை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை வித்தியா என்ற பிள்ளை முதற்படங்கள் எடுக்க வந்தாள்.

"பிள்ளை, உந்த மச்சத்தைக் கொம்பியூட்டரிலை எடுத்துவிடேலாதோ?"

"ஏலாது அன்ரி. உள்ளதை உள்ளபடிதான் பதிவம். கல்லு கரைஞ்சாலும் இது இருக்கும்."

அதுதான் என்னைச் சுட்டது. கல் கரைந்த பிறகும் நீயா?

வியாழன் காலை, அவர்கள் வருமுன், அத்தான் வள்ளம் திருத்த வைத்திருந்த சான்ட் பேப்பரோடு போனேன். கல் லேசில் விடவில்லை. கை நொந்தது. மச்சம் போய்விட்டது.

வித்தியா வந்ததும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்ரி, இதிலை இருந்ததெல்லோ?"

"ஓம். நான்தான் எடுத்தனான்."

பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. "செவ்வாய்க்கிழமைப் படங்களை வைச்சு மச்சத்தோடையும் ஒண்டு செய்யலாம். வீட்டாக்கள் ஓம் எண்டால் சரி. செய்யட்டோ?"

"வேண்டாம்."

"அப்ப தேய்வுக்குக் காரணம் எழுதவேணும்."

"எழுது. ஆர் செய்ததெண்டு பேரையும் போடு."

போட்டாள். "மூத்த மகள் கனகாம்பிகை தேய்த்தது" என்று பதிவில் இருக்கிறது. உன் பேர் எங்கேயும் இல்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

நீயும் வீட்டாள்தான். நீ ஓம் என்றால் மச்சத்தைத் திருப்பி வைப்பார்களாம். வித்தியாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
அக்கா