ஊமப்படம் ஹிஷாம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வேறு யாரோ மௌத்தாகியிருந்தார்கள். ஸுல்பிகாவுக்கு அப்படித்தான் கேட்டது. "மர்ஹூம் மீராமுகைதீன் ஹாஜியார் அவர்களின் இளைய புதல்வர் ஜனாப் முஹம்மது ஹிஷாம் அவர்கள்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னது குரல். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றது. பிறகு கரகரத்து ஓய்ந்துவிட்டது.

துணியால் மூடிக் கிடத்தியிருந்த கணவனின் கால்மாட்டில் இருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஜெனூபா, பேரச் சொல்லல்லயே."

தங்கச்சி ஜெனூபா ஓதிக்கொண்டிருந்த யாசீனை நிறுத்தினாள். "சொன்னாங்களே ராத்தா. முஹம்மது ஹிஷாம் எண்டுதானே சொன்ன."

"அந்தப் பேரு ஆருக்குத் தெரியும்?"

அது உண்மைதான். சாய்ந்தமருதில் ஹிஷாம்கள் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள், மீராமுகைதீன்களும் குறைவில்லை. ஊர் ஆளை ஊர் அறிவது பட்டப்பெயரால்தான். மௌத்து அறிவித்தலிலும் 'ஐஸ்கட்டி என்று அழைக்கப்படும்', 'லொறியார் என்று அழைக்கப்படும்' என்று அதைச் சேர்த்தே சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சனம் "அட அல்லாஹ், அவரா!" என்று அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வரும்.

ஹிஷாமின் பட்டப்பெயர் ஊமப்படம்.

பிரதான வீதியில் அவருடைய போன் திருத்தும் கடை. பென்ட்ரைவில் படம் ஏற்றியும் கொடுப்பார். சண்டைப் படம் கேட்டவனுக்குச் சண்டைப் படம், பாட்டுக் கேட்டவனுக்குப் பாட்டு. ஆனால் யாருடைய பென்ட்ரைவும் அத்தோடு திரும்பிப் போனதில்லை. கேட்காத ஒரு படத்தையும் போட்டுவிடுவார். "இதையும் வெச்சிரிக்கன். ஆறுதலா இருந்து பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க." கதை என்ன என்று கேட்டால் வாயே திறக்கமாட்டார். மழை விடும்வரை ஒரு தபால்காரர் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்பார், மழை விட்டதும் படம் முடிந்துவிடும். அந்த வகைப் படங்கள்.

மீன் ஆட்டோ ஓட்டும் முனாஸ்தான் அந்தத் தபால்காரரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்து சத்தம் போட்டவன். "என்ன காக்கா இது? அடிபிடியுமில்ல, பாட்டுமில்ல, ஒருத்தனும் வாயத் தொறக்கானுமில்ல. ஊமப்படமா?" கடையில் நின்றவர்கள் சிரித்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹிஷாமுக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்குப் பிறகு போனை எடுத்தால் "ஓம், ஊமப்படம் கதைக்கிறன்" என்றுதான் சொல்வார். கொஞ்ச நாளில் முனாஸும் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தத் தபால்காரன்ட மாதிரி இன்னொண்டு இரிக்கா காக்கா?" என்று கேட்டான். அன்றைக்கு ஹிஷாம் வீட்டுக்கு வந்து அதை எத்தனை தரம் சொல்லிச் சிரித்தார்!

கட்டியவள்தான் அவருக்கு வாய்த்த மோசமான ரசிகை. பகல் முழுக்கத் தையல் மெசினில் குனிந்து கிடப்பவள், படம் தொடங்கி ஒருவன் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கும்போதே நித்திரையாகிவிடுவாள். அவர் எழுப்புவதில்லை. போர்த்திவிட்டு மிச்சத்தைத் தனியாகப் பார்ப்பார். காலையில் தேத்தண்ணியோடு முடிவைச் சொல்வார். "கண்ண மூடிட்டுப் படம் பாக்கிற ஒரே ஆள் நீதான் ஸுல்பி." ஊருக்கெல்லாம் கதை சொல்லாத மனிதர் அவளுக்கு மட்டும் முடிவைச் சொன்னார்.

கடைசியாகப் பார்த்ததில் ஒரு கிழவன் ஒரு கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு மலையேறினான். அவன் பாதி ஏறுமுன் இவள் தூங்கிப்போனாள். இன்று சுபஹ் தொழுதுவிட்டு வந்து அவர் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தபோது கேட்டாள்.

"இஞ்சாருங்க, அந்தக் கிழவன் கதிரைய எங்க கொண்டு போன?"

"தேத்தண்ணிய ஊத்து, சொல்றன்."

ஊற்றினாள். சீனி போட்டுக் கலக்கித் திரும்பியபோது அவர் தலை கதவு நிலையில் சாய்ந்திருந்தது. நெஞ்சுவலி என்றுகூட அந்த மனிதர் சொல்லவில்லை. தேத்தண்ணியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஸுல்பிகா எழுந்து அறை வாசல் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இனி அவள் இத்தாவில் இருப்பவள், நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆம்பிளைகள் முன் வரமாட்டாள். கணவனின் கூடப்பிறந்த காக்கா ஷரிபுதீனாக இருந்தாலும் திரைக்கு அப்பால்தான். ஷரிபுதீன் பள்ளி நிர்வாகத்து நம்பிக்கையாளர், அறிவித்தலை எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

"மச்சான், இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. ஊமப்படம் எண்டு சொல்லச் சொல்லுங்க."

திரைக்கு அப்பால் ஷரிபுதீன் கிட்ட வந்தார்.

"மையித்த வெச்சிக்கிட்டுப் பள்ளில சினிமாப் பேரச் சொல்ற புள்ள?"

"அப்பிடிச் சொன்னாத்தான் அவர்ர ஆக்களுக்கு விளங்கும்."

"பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட வேணாமெண்டு குர்ஆன்லயே இரிக்கி. உயிரோட இரிக்கக்குள்ளதான் ஊரு அவன வெச்சிச் சிரிச்ச. மௌத்தாப் போன பொறகாவது எண்ட தம்பி மதிப்பாப் போகட்டும்."

"ஆரும் அவர வெச்சிச் சிரிக்கல்ல மச்சான். அவரோட சேந்து சிரிச்ச."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் முற்றத்தில் இறங்கும் சத்தம்தான் கேட்டது.

நடுப்பகல் லுஹர் நேரத்தில் வாசலில் ஒரு பரபரப்பு. வந்தது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹிஷாம் சேர். அவருடைய வாப்பாவும் மீராமுகைதீன்தான், அவரும் ஹாஜியார்தான். காலையிலிருந்து அவருடைய வீட்டுக்கு ஆட்கள் அழுதுகொண்டு வந்தார்களாம். சாரத்தோடு கேற்றடியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைக் கண்டு ஒரு கிழவர் கட்டிப்பிடித்துக் கதறினாராம். "உயிரோட இரிக்கன், உயிரோட இரிக்கன் எண்டு சொல்லிச் சொல்லியே தொண்ட வத்திட்டு" என்றார் சேர். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப மௌத்தானது ஆரு?"

ஸுல்பிகா அறைக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. இதை அவரிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாரே என்று திரும்பியவள், வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தவரைக் கண்டாள். பிறகு அவளை ஜெனூபாவால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

அஸருக்குப் பிறகு அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். ஜன்னல் திரைத் துண்டை விலக்கிப் பார்த்தாள். குடும்பத்து ஆம்பிளைகள், பக்கத்து வீட்டார், பள்ளி ஆட்கள். தூக்க ஆள் மாற்றவும் போதாத கூட்டம். வீதியில் மீன் ஆட்டோ ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது. சந்தூக்கைக் கண்டதும் ஒதுங்கி நின்று, ஓட்டி வந்தவன் தொப்பியில்லாத தலையைக் கையால் மூடிக்கொண்டான். அது முனாஸ். யாருடைய ஜனாஸா என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தூக்குக் கடந்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"முனாஸ்!" என்று ஸுல்பிகா ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கடை பூட்டிக் கிடப்பதைக் கண்டு விசாரித்துத்தான் ஊருக்கு விளங்கியது. முனாஸ் முற்றத்தில் வந்து நின்று குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான். "எண்ட கண்ணுக்கு முன்னாலதானே கொண்டு போன! ஒரு பிடி மண் போடல்லயே ராத்தா நான்!" ஸுல்பிகா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடைசியாத் தந்த படத்தயும் பாத்துட்டன். ரெயில் வராத ஸ்டேசன். நல்லம் எண்டு சொல்லத்தான் இரிந்தன்" என்றான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆம்பிளைகள் திரைக்கு அப்பால் இருந்து சொன்னார்கள், பெண்கள் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். மருதமுனையிலிருந்து வந்த நெசவுக்காரி சரீபா, நூல் சுற்றும்போது போனைச் சாத்தி வைத்துப் பார்ப்பவள். "பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாரு. சொல்லாம எனக்கு நித்திர வரல்ல" என்று சொல்லி முழுப் படத்தையும் ஒப்புவித்தாள். பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீனவர் வந்து, "விளங்கேல்ல, ஆனா மனசுக்க கிடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸுல்பிகா எல்லாவற்றையும் கேட்டாள். கிழவனும் கதிரையும் மட்டும் எவருடைய வாயிலும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, தெரியாது என்று சொல்லிவிட்டால்?

ஒருநாள் அஸருக்குப் பிறகு ஷரிபுதீன் வந்தார். முன்வாசல் மேற்குப் பார்த்தது. சாய்ந்த வெயில் விறாந்தையைத் தாண்டி வந்து அறை வாசலில் தொங்கிய வெள்ளைத் திரையில் விழுந்துகொண்டிருந்தது. ஸலாம் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார், ஆனால் இருக்கவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புள்ள."

"சொல்லுங்க மச்சான்."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவன் எனக்கொரு பென்ட்ரைவ் தந்த. மேச லாச்சிக்குள்ள கிடந்த."

"ஓம்."

"பாத்துட்டன்."

மற்றவர்கள் அந்தச் சொல்லுக்குப் பிறகு நிறுத்தாமல் கதைத்தார்கள். இவரிடம் அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என்ன படம் மச்சான்?"

"ஒரு கிழவன். கதிரையொண்டத் தூக்கிக்கிட்டு மலையேறுறான்."

ஸுல்பிகாவின் கையிலிருந்த தஸ்பீஹ் மணி மடியில் விழுந்தது. அதை எடுக்காமலே கேட்டாள்.

"எங்க கொண்டு போன?"

"மேல ஒரு வீட்டுக்கு. கிட்டப் போய்ப் பாத்தா, வீடு பூட்டிக் கிடக்கு."

"மறுகா?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுறான். படம் முழுக்க ஆளு வாயத் தொறந்தது அதுக்கு மட்டுந்தான்." என்றார் ஷரிபுதீன். "ஒருத்தரும் வரல்ல."

"மறுகா மச்சான்?"

கதிரை தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரையில் விழுந்திருந்த நிழல் மெல்லக் குனிந்து, கதிரையில் இருந்தது. தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

வெயில் இறங்கும்வரை ஸுல்பிகா கண்ணை மூடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.